கருப்பு ஸ்கிரீன் வந்தா உடனே ஃபார்மட் தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி ஒரு பெட்டிச் செய்தி வந்துச்சு, பழைய லேப்டாப்பை காயலான் கடைக்கு போடாதீங்க, விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டம் போட்டா இன்னும் பல வருஷம் ஓடும், காசும் கிடையாதுன்னு. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட அப்டேட் நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 11 போடணும்னா டிபிஎம் 2.0னு ஒரு பாதுகாப்பு சிப்பு வேணும், அது பழைய மெஷின்ல இருக்காதுன்னு எல்லாம் நல்லா தான் போட்டிருந்தீங்க. நான் அதை கத்தரிச்சு மண்டி சுவத்துல ஒட்டி வெச்சேன், நாலு பேருக்கு நானே படிச்சும் காமிச்சேன், குத்தமே சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு விட்டுட்டீங்க. போட்ட பிறகு ஒரு நாள் அப்டேட் பண்ணி மறுபடி ஆன் பண்ணா ஸ்கிரீன் கருப்பா நின்னுடுச்சுன்னா என்ன பண்றதுன்னு அதுல ஒரு வரி கூட இல்ல. எனக்கு அது தான் நடந்துச்சு, அதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போகும், நீங்க எங்க வேணாலும் வெட்டிக்குங்க.

நான் ராயக்கோட்டைல ஒரு தக்காளி மண்டில கணக்கு எழுதுறவன். எங்ககிட்ட இருக்கிறது எம்பொண்ணு பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் குடுத்த லேப்டாப், 2011ல அந்த திட்டம் ஆரம்பிச்ச புதுசுல வந்தது. அப்போ அதுல விண்டோஸும் இருந்துச்சு, பாஸ்னு ஒண்ணும் இருந்துச்சு, ஆன் பண்ணும்போது எது வேணும்னு கேக்கும், நாங்க யாரும் அந்த பாஸ் பக்கம் போனதே இல்ல, ஏதோ கம்பெனிக்காரன் போட்டு வெச்சிருக்கான்னு நினைச்சேன். அது சி-டாக்னு மத்திய அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனத்துல நம்ம நாட்டுக்காரங்களே பண்ண லினக்ஸ்னு பத்து வருஷம் கழிச்சு தான் தெரியும், அதுவும் அக்கா பையன் சொல்லி. பொண்ணு இப்போ கல்யாணம் ஆகி பெங்களூர்ல இருக்கா, லேப்டாப் பீரோ மேல தூங்கிட்டு இருந்துச்சு. அக்கா பையன் தான் ஓசூர்ல வேலை பாக்குறவன், ஒரு ஞாயித்துக்கிழமை வந்து 2 ஜிபி ரேமை 4 ஆக்கி மிண்ட் 22ங்கிற லினக்ஸ் போட்டு குடுத்தான், அதுலயும் எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான ஒண்ணு இருக்காம், பழைய மெஷினுக்கு அது தான் சரின்னான். 2029 வரைக்கும் அப்டேட் வரும் மாமான்னு சொன்னப்போ எனக்கு சிரிப்பு, அது வரைக்கும் நான் கணக்கு எழுதுவேனாடான்னு கேட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லா தான் ஓடுச்சு. லிப்ரே ஆபீஸ்னு எக்செல் மாதிரி கணக்கு போடுறதுல விவசாயி பேரு, எத்தனை கிரேடு, அதாவது தக்காளி பெட்டி, என்ன விலை, கமிஷன், வண்டி வாடகை, அட்வான்ஸ் கழிச்சது எல்லாம் கட்டம் கட்டமா போட்டு சீட்டு பிரிண்ட் எடுத்து குடுத்துட்டு இருந்தேன். மாரண்டஹள்ளி பக்கம் இருந்து வர்ற ஒரு பெரியவர், எழுத்து பெருசா இருக்கு சாமி, கண்ணாடி போடாமயே தெரியுதுன்னு சொல்லுவார்.

ஒரு நாள் ராத்திரி அப்டேட் இருக்குன்னு காமிச்சுது, சரின்னு அமுக்குனேன், முடிஞ்சு ரீஸ்டார்ட் பண்ணுன்னுச்சு, நான் ஆஃப் பண்ணிட்டு படுத்துட்டேன். விடியக்காலைல மண்டிக்கு வந்து ஆன் பண்றேன், அந்த பச்சை எழுத்து லோகோ வருது, போகுது, அப்புறம் கருப்பு. முழுக்க கருப்பு. நடுவுல மவுஸ் அம்பு மட்டும் நிக்குது, அதை இழுத்தா நகருது, வேற ஒண்ணுமே இல்ல, கீழ பட்டை இல்ல, என் ஃபைல் இல்ல, ஒரு ஐகான் இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், நாலு தடவை பண்ணேன், பேட்டரியை கழட்டி மாட்டினேன், அதே தான். வெளிய டெம்போல இருந்து கிரேடு இறக்கிட்டு இருக்காங்க, ஏலம் ஆரம்பிச்சாச்சு, முதலாளி வேற என்னய்யா சீட்டு எங்கன்னு சத்தம் போடுறார். பழைய கார்பன் நோட்டு ஒண்ணு மேசைக்கு அடில கிடந்துச்சு, தூசி தட்டி அதுல தான் அன்னைக்கு முழுக்க கையால எழுதினேன். கை வலிச்சதை விட யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் குடுத்திருக்கோம்னு தெரியாம போட்டது தான் வயித்தை கலக்குச்சு, அது எல்லாம் லேப்டாப்ல தானே இருக்கு.

மதியம் மண்டி அடங்குனதும் லேப்டாப்பை பைல போட்டுகிட்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன். அங்க ஒரு கடை, பேரு வேண்டாம்ங்க, அவர் பிழைப்பு அவருக்கு. ஆன் பண்ணி பாத்தார், ஒரு நிமிஷம் கூட இருக்காது, லினக்ஸா, இதெல்லாம் ஏன் சார் போடுறீங்க, சிஸ்டம் போச்சு, ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடறேன், 800 ரூபாய், சாயங்காலம் வாங்கன்னார். உள்ள இருக்கிற கணக்குன்னு கேட்டேன். அது போயிடும் சார், ரெக்கவரி தனி சார்ஜ், அதுவும் கியாரண்டி இல்லன்னார். நான் 800ஐ எடுத்து மேசை மேல வெச்சுட்டேன்ங்க, நெசமா வெச்சுட்டேன். அப்புறம் என்ன தோணுச்சோ, ஒரு போன் பண்ணிட்டு வரேன்னு வெளிய வந்து ரவுண்டானா பக்கத்துல ஒரு டீக்கடைல உக்காந்து அக்கா பையனுக்கு அடிச்சேன். அவன் நைட் ஷிப்ட் முடிச்சு தூங்கிட்டு இருந்தவன், ஃபார்மட்டுங்கிற வார்த்தையை கேட்டதும் எந்திரிச்சு உக்காந்துட்டான் போல, மாமா லேப்டாப்பை வாங்கிட்டு முதல்ல அந்த கடையை விட்டு வெளிய வாங்கன்னு கத்துறான்.

டீக்கடைலயே லேப்டாப்பை தொறந்து வெச்சோம். அவன் கேட்ட முதல் கேள்வியே எனக்கு புதுசு. மாமா, கேப்ஸ் லாக்கை அமுக்குங்க, லைட் எரிஞ்சு அணையுதான்னான். எரிஞ்சுது, அணைஞ்சுது. அப்போ மெஷின் செத்துப்போகல, உள்ள முழிச்சுகிட்டு தான் இருக்குன்னான். அடுத்து செல்போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல சாய்ச்சு அடிச்சு பாருங்க, மங்கலா ஏதாவது படம் தெரியுதான்னான், ஏன்னா சில பழைய லேப்டாப்ல அப்டேட்டுக்கு அப்புறம் ஸ்கிரீன் பின்னாடி எரியுற லைட் மட்டும் அணைஞ்சு போயிடுமாம், டெஸ்க்டாப் அப்படியே இருக்குமாம், நமக்கு தான் தெரியாது. நமக்கு அது இல்ல, மவுஸ் அம்பு பளிச்சுன்னு தெரியுதே. அப்புறம் சொன்னான், கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3, மூணையும் சேத்து அமுக்குங்கன்னு. சிலதுல எஃப்என் கீயும் சேத்து அமுக்கணுமாம். அமுக்குனேன், கருப்பு போயி வெள்ளை எழுத்துல லாகின்னு வந்து நின்னுச்சு பாருங்க, டீ கிளாஸை கீழ வெச்சுட்டேன். உள்ள ஆள் இருக்கான்!

அதுக்கப்புறம் ஒரு கூத்து. எங்களுது பாஸ்வேர்ட் கேக்காம நேரா உள்ள போற மாதிரி வெச்சிருந்தோம், அதனால பாஸ்வேர்டே எனக்கு மறந்து போச்சு. அது மண்டில தினசரி காலண்டர் அட்டைக்கு பின்னாடி எழுதி வெச்சது. அங்க வேலை செய்யுற பையனுக்கு போன் போட்டு காலண்டரை கழட்டி படிக்க சொல்லி வாங்குனேன். சரி அடிக்கலாம்னா அடிக்க அடிக்க ஸ்கிரீன்ல ஒரு எழுத்தும் விழல, புள்ளி கூட விழல, கீபோர்டும் போச்சுடான்னு எனக்கு வேர்த்துடுச்சு. மாமா, அங்க காட்டாது, காட்டாம தான் வாங்கிக்கும், நீங்க பாட்டுக்கு அடிச்சு என்டர் தட்டுங்கன்னான். இதை யாராவது முன்னாடியே சொல்லி வெச்சா என்னங்க? நான் தனியா இருந்திருந்தா அங்கயே மூடி வெச்சுட்டு கடைக்கு திரும்பி போயிருப்பேன்.

அவன் சொல்ல சொல்ல நான் முதல்ல சட்டைப் பைல இருந்த சீட்டுல தமிழ்ல எழுதிக்குவேன், அப்புறம் பாத்து அடிப்பேன். டி, எஃப், ஒரு ஸ்பேஸ், ஒரு கோடு, ஹெச், டிஸ்க்ல இடம் எவ்வளவு மிச்சம்னு காட்டுற கட்டளையாம். டின்னா டெல்லிக்கு வர்ற டியா தஞ்சாவூருக்கு வர்ற டியான்னு கேட்டேன், டெல்லி மாமா டெல்லின்னான். கோடுன்னா நடுவுல போடுறதா கீழ போடுறதான்னு ஒரு தகராறு. நடுவுல. பெரிய எழுத்தா சின்ன எழுத்தா? எல்லாமே சின்னது, லினக்ஸுக்கு பெருசு வேற சின்னது வேறயாம். டீக்கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பாக்குறார், ஏதோ மந்திரம் எழுதுறான்னு நினைச்சிருப்பார்.

அடிச்சதும் ஒரு பட்டியல் வந்துச்சு. மேல வர்ற சாய்ஞ்ச கோடு மட்டும் தனியா இருக்கிற வரியை படிங்க மாமான்னான். படிச்சேன். மொத்தம் 20ஜி, அதாவது 20 ஜிபி, செலவானது 19ஜி, மிச்சம் 0, நூறு சதவீதம். அவன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மாமா தப்பு என்மேல தான்னான்.

எனக்கு அது அப்புறம், முதல்ல கணக்கு இடிச்சுது. 20ல 19 போனா 1 இருக்கணுமே, எப்படிடா 0 வரும்? முப்பது வருஷமா கழிவு கமிஷன் பாத்தவன், இந்த மாதிரி ஒரு சீட்டை நான் குடுத்தா விவசாயி சட்டையை பிடிப்பான். அதுக்கு அவன் சொன்னது தான் இந்த லெட்டர்லயே எனக்கு பிடிச்ச விஷயம். லினக்ஸ் அந்த பார்ட்டிஷன்ல, அதாவது டிஸ்க்ல அதுக்குன்னு பிரிச்ச பகுதில, 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு, அதாவது சிஸ்டம் அட்மினுக்குன்னு, தனியா ஒதுக்கி வெச்சுக்குமாம், 20ல 5 சதவீதம்னா சரியா 1. அந்த இடத்துல நம்ம மாதிரி சாதாரண யூசர் எழுத முடியாது, ரூட் மட்டும் எழுதலாம். அப்டேட் ரூட் பேர்ல ஓடுனதால அது தடையில்லாம முடிஞ்சுடுச்சு, எர்ரர் ஒண்ணும் வரல. ஆனா மறுபடி ஆன் பண்றப்போ டெஸ்க்டாப் என் பேர்ல தான் தொறக்கணும், அது எழும்பும்போது சின்ன சின்னதா தற்காலிக ஃபைல் சிலது எழுதி வெச்சு தான் எழும்புமாம், எழுத ஒரு எள்ளு இடம் இல்ல, அதான் அம்பை மட்டும் காமிச்சுட்டு நின்னுடுச்சு. எங்க மண்டில கிரேடு வாசல் வரைக்கும் அடுக்கிட்டா தராசு முன்னாடி நிக்கவே இடம் இருக்காது, சரக்கு எல்லாம் பத்திரமா இருக்கும், எடை போட முடியாது, அவ்ளோ தான். அதுக்கு போயி மண்டியையே இடிக்கணும்னு சொல்றது தான் இந்த ஃபார்மட்.

சரி 20 எப்படி ரொம்புச்சுன்னா, இவன் ஹார்ட் டிஸ்க் 320ல சிஸ்டத்துக்கு 20 மட்டும் குடுத்துட்டு மிச்சத்தை என் ஃபைலுக்கு விட்டுட்டான். அப்புறம் டைம்ஷிப்ட்னு ஒண்ணை ஆன் பண்ணி வெச்சிருக்கான், ஏதாவது கெட்டுப்போனா பழைய நிலைமைக்கு கொண்டு வர்றதுக்கு சிஸ்டத்தை அப்படியே ஒரு நகல் எடுத்து வெக்குமாம். அந்த நகலும் அதே 20க்குள்ள தான் போயி உக்காந்திருக்கு. காப்பாத்த வெச்ச நகலே கழுத்தை பிடிச்சிருக்கு பாருங்க. அது போக கெர்னல்னு சிஸ்டத்தோட மையப் பகுதி ஒண்ணு, ஒவ்வொரு தடவை அது அப்டேட் ஆகும்போதும் பழைய கெர்னல் ஒண்ணு ரெண்டு கிடக்கும், ஒவ்வொண்ணும் சில நூறு எம்பி, அப்டேட்டுக்கு டவுன்லோடு பண்ண பொட்டலமும் அழியாம கிடக்கும்.

காலி பண்ணது சுருக்கமா சொல்றேன். எல்லாத்துக்கும் முன்னாடி சூடோன்னு போடணும், எஸ் யூ டி ஓ, அது ரூட் பேர்ல செய்யுன்னு அர்த்தம். சூடோ ஏபிடி க்ளீன், இது டவுன்லோடு பொட்டலத்தை அழிக்கும். சூடோ ஏபிடி ஆட்டோரிமூவ், இது பழைய கெர்னலை எடுக்கும், நடுவுல சரியான்னு கேக்கும், ஒய் போடணும். சூடோ டைம்ஷிப்ட், ஸ்பேஸ், ரெண்டு கோடு, டெலீட், கோடு, ஆல், இது நகலை எல்லாம் தூக்கும், இதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு, ரெண்டாவது டீ சொன்னேன். கடைசியா சூடோ டிபிகேஜி, ஸ்பேஸ், ரெண்டு கோடு, கன்ஃபிகர், ஸ்பேஸ், கோடு, ஏ. அப்டேட் பாதில நின்னிருந்தா இது முடிச்சு வெக்குமாம். எனக்கு அது ஒண்ணுமே சொல்லாம திரும்பி வந்துடுச்சு, என்னடான்னா ஒண்ணும் சொல்லலன்னா நல்லது மாமா, லினக்ஸ் பிரச்சனை இருந்தா தான் பேசும்னான், எங்க அத்தை மாதிரி. திரும்ப அந்த டிஎஃப்பை அடிச்சா மொத்தம் 20, செலவு 11, மிச்சம் 8. இந்த தடவை கணக்கு எனக்கு இடிக்கல, அந்த 1 யாருதுன்னு தெரியுமே.

சூடோ ரீபூட். லோகோ வந்துச்சு, போச்சு, ஒரு மூச்சு கருப்பு, என் உசுரு போயி வந்துச்சு, அப்புறம் கீழ பட்டை, பேத்தி போட்டோ, மண்டி கணக்கு ஃபோல்டர், எல்லாம் வெச்ச இடத்துல வெச்சபடி. ஒரு ஃபைல் போகல. கடைக்கு திரும்பி போயி, மேசை மேல வெச்ச 800ஐ கேட்டு வாங்கிட்டு வந்தேன், அவர் முகத்தை நான் பாக்கல, அவரும் என்னை பாக்கல.

இது ஒரு நோய்க்கு மருந்து தான்ங்க, எல்லா கருப்பு ஸ்கிரீனுக்கும் இதே காரணம் இருக்காது, அதை நேர்மையா சொல்லணும். பாலக்கோட்டுல எனக்கு தெரிஞ்ச ஒரு ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் அப்டேட்டுக்கு அப்புறம் கருப்பு தான், ஆனா அவர்கிட்ட இடம் நிறைய இருந்துச்சு. அவர் லேப்டாப்ல ஸ்கிரீன்ல படம் காட்டுறதுக்கு என்விடியா சிப்பு, பழசு. என்விடியா கம்பெனி அந்த பழைய சிப்புங்களுக்கு டிரைவர், அதாவது சிப்பை இயக்குற சாஃப்ட்வேர், தர்றதை ஒவ்வொண்ணா நிறுத்திட்டே வருது, 340ங்கிற வரிசை 2019 கடைசியோட, 390ங்கிறது 2022 கடைசியோட. அதனால புது கெர்னல் வந்தா பழைய டிரைவர் அதோட ஒட்டாது, ஸ்கிரீன் எழும்பாது. அவருக்கு அக்கா பையன் சொன்ன வழி வேற. ஆன் பண்ணதும் ஷிப்ட் கீயை பிடிச்சுகிட்டே இருங்க, சிலதுல எஸ்கேப்பை தட்டணும், ஒரு மெனு வரும், அதுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போனா நேத்து வரைக்கும் ஓடுன பழைய கெர்னல் புதுசுக்கு கீழ இருக்கும், அதை எடுங்கன்னு. எடுத்தார், வந்துடுச்சு. அதான் பழைய கெர்னலை எல்லாம் முழுசா துடைச்சு எறியக்கூடாதுங்கிறான், நான் போட்ட அந்த ஆட்டோரிமூவ் அவசரத்துக்கு ஒண்ணை விட்டு வெச்சு தான் மத்ததை எடுக்குமாம். அதுவும் வரலன்னா அந்த மெனுவுலயே ஈ தட்டி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரி கடைசில நோமோட்செட்னு ஒரு வார்த்தை சேத்து எஃப்10 அடிச்சா கிராபிக்ஸ் வித்தை எல்லாம் விட்டுட்டு சாதா படமாவாவது வரும், அது அந்த ஒரு தடவைக்கு தான், ஃபைலை எடுத்துக்க போதும்.

இன்னும் பழசு, 32 பிட்டுன்னு சொல்றாங்களே அந்த பழைய வகை பிராசஸர் இருக்கிறது வெச்சிருக்கவங்களுக்கு கஷ்டம் தான். மிண்ட்டோட மெயின் வெர்ஷன்ல 19.3 தான் 32 பிட்டுக்கு கடைசி, 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13ங்கிற இன்னொரு லினக்ஸ்லயும் அதுக்கு இன்ஸ்டாலர் இல்ல. பழைய லேப்டாப் எதுவா இருந்தாலும் லினக்ஸ் போட்டா ஓடும்னு உங்க பெட்டிச் செய்தில பொதுவா போட்டது அங்க கொஞ்சம் இடிக்குதுங்க.

எதுவுமே கைக்கு வரலன்னாலும், லினக்ஸ் போட்ட அந்த பென்டிரைவ் இருக்கு இல்ல, அதை சொருகி அதுல இருந்தே லைவ்வா ஓட்டுனா உள்ள இருக்கிற ஹார்ட் டிஸ்க் ஃபோல்டர் மாதிரி தெரியும், என்க்ரிப்ட் பண்ணாம, அதாவது பாஸ்வேர்ட் போட்டு டிஸ்க்கை பூட்டாம இருந்தா கணக்கையும் போட்டோவையும் இன்னொரு பென்டிரைவ்ல இழுத்து போட்டுக்கலாம். இதை அந்த கிருஷ்ணகிரி கடைக்காரர் பத்து நிமிஷத்துல பண்ணிருக்கலாம், 800 இல்ல 300 வாங்கிட்டு பண்ணிருந்தா கூட நான் கும்புட்டு குடுத்திருப்பேன். அவர் மேல எனக்கு கோவம் இல்லன்னு சொன்னா அது பொய்.

இந்த கதையை கேட்ட எங்க முதலாளி அப்போ இனிமே அப்டேட்டே பண்ணாதேய்யான்னுட்டார். அது எனக்கு சரியா படல. பேங்க் வேலையும் அதுல தான் பாக்குறோம், பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறது தானே அப்டேட். நான் பண்றது, அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை டிஎஃப், கோடு, ஹெச் அடிச்சு மிச்சம் பாத்துக்கிறேன், மண்டில கூட்டம் இருக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி தொடுறதே இல்ல, கணக்கு ஃபைலை பென்டிரைவ்ல ஒரு காப்பி. அக்கா பையனும் அடுத்த ஞாயிறு வந்து டைம்ஷிப்ட் நகலை அந்த பெரிய பகுதிக்கு மாத்தி, ரெண்டுக்கு மேல வெக்காதேன்னு செட் பண்ணிட்டு போனான், கூட எங்க மண்டி தக்காளி ரெண்டு கிலோ கொண்டு போனான், கூலி அவ்ளோ தான்.

உங்ககிட்ட கேக்குறது இது தான்ங்க. அந்த பெட்டிச் செய்தியை எழுதுனவர்கிட்ட சொல்லி, அதே அளவுல இன்னொரு பெட்டி போடுங்க: கேப்ஸ் லாக் லைட், டார்ச், கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3, டிஎஃப், ஷிப்ட் பிடிச்சு பழைய கெர்னல். இங்கிலீஷ் கீயோட பேரை கீபோர்டுல எப்படி இருக்கோ அப்படியே படம் போட்டு காமிங்க, நான் தமிழ்ல எழுதி வெச்ச சீட்டை பாத்து மண்டி பையன் கோடுக்கு பதிலா கே ஓ டி யூன்னு அடிச்சு வெச்சான். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் அந்த அரசாங்க லேப்டாப் இன்னும் எத்தனையோ வீட்டு பீரோ மேல கிடக்குது, உங்க செய்தியை பாத்து நிறைய பேர் தூசி தட்டிருப்பாங்க, அவங்களுக்கும் ஒரு நாள் அப்டேட் வரும் இல்ல.

இந்த லெட்டரை அதே லேப்டாப்ல தான் அடிச்சுட்டு இருக்கேன். கீழ வலது ஓரத்துல அந்த கேடயம் மாதிரி சின்ன குறி வந்து நிக்குது, 14 அப்டேட் இருக்காம், அதுல ஒண்ணு கெர்னலாம். மிச்சம் பாத்தேன், 7 ஜிபி இருக்கு. ஆனா நாளைக்கு வியாழன், சரக்கு ஜாஸ்தி வரும், அக்கா பையனுக்கும் நைட் ஷிப்ட். சனிக்கிழமை பாத்துக்கலாம்னு மூடி வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மண்டி கணக்குப்பிள்ளை,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்.